பூச்சு காயும் வரை

அக்டோபர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி ஹெப்சி, பாஸ்டர் சொல்லிட்டாரு. பவானி ஆத்துக்கெல்லாம் போக வேண்டாமாம். நம்ம வீட்டுத் தொட்டியே போதுமாம்."

எழுபத்தொன்பது வயது. வாசற்படி ஏறுவதே அவருக்கு இப்போது மலையேற்றம். இதயம் களைத்துவிட்டது, நுரையீரலில் நீர் கோக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த மனிதர் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம். கைக்குழந்தையாக இருந்தபோது ஊர்க் கோயிலில் தலையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்தது கணக்கில் சேராதாம். தண்ணீருக்குள் முழுதாக முங்கி எழ வேண்டுமாம். அம்மா போன பிறகு அருவங்காட்டில் ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தார். பாட்டு நன்றாகப் பாடுகிறார்கள், போகட்டும் என்று விட்டேன். இங்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

தொட்டி இந்த வீட்டோடு வந்தது. தேயிலை ஃபாக்டரியில் இன்ஜினியராக இருந்த அப்பா, ஓய்வு பெறும்போது எஸ்டேட்காரர்கள் விற்ற இந்தப் பழைய வீட்டை வாங்கினார். குளியலறையில் வார்ப்பிரும்பு பாத்டப் ஒன்று நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து அதில் யாரும் படுத்துக் குளித்ததில்லை. குன்னூரில் குழாயில் தண்ணீர் வருவது பத்து நாளைக்கு ஒருமுறை, வந்தால் உண்டு. அதனால் பாத்டப் எங்களுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி. அதிலிருந்து மொண்டு, பக்கத்தில் நின்று குளிப்போம்.

இன்று அதைச் சரியாகப் பார்த்தேன். அடியில் வெள்ளை எனாமல் தேய்ந்து கறுத்துவிட்டது. குழாய்க்கு நேர் கீழே துரு இறங்கியிருக்கிறது. விளிம்பில் சில்லு பெயர்ந்த இடங்களில் கை பட்டால் கீறும்.

"முதல்ல அதைச் சரி பண்ணணும்ப்பா" என்றேன்.

"இருக்கிறபடி இருக்கட்டும்ட்டி" என்றார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு கீறல் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அதற்காகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தண்ணீர் இன்றும் வரவில்லை. இட்லிக்கு ஊறப் போட்டேன்.

அக்டோபர் 11, சனி

பாஸ்டர் யோவேல் வந்தார். ஸ்கூட்டர், மழைக்கோட்டு, என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு குறை சொல்லலாம் என்று பார்த்தால் அகப்படமாட்டேன் என்கிறார். செருப்பை வெளியே விட்டார். காபி கொடுத்தால் தம்ளரைத் தானே கழுவி வைக்கிறார்.

"அக்கா, அப்பா ரெடியா இருக்காரு. அடுத்த சனிக்கிழமை வச்சுக்கலாமா? தண்ணிய வெதுவெதுப்பா வச்சாப் போதும். முக்கி எடுக்கிற நேரம்தான்."

குளியலறைக்குக் கூட்டிப் போய் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். மாத்திரை, ரத்தம் எல்லாம் சொன்னேன். விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான்க்கா. சரி பண்ணிட்டே வச்சுக்குவோம். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

சண்டைக்குத் தயாராக நின்றவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபை செக்ரெட்டரி குருபாதம் குடையோடு கூடவே நடந்தார்.

"டீச்சர், ஒரு விஷயம் காதுல விழுந்துச்சு. உண்மையா இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

"என்ன விஷயம்?"

"ஐயா முழுக்கு எடுக்கப் போறாருன்னு. எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டாம் தடவை ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்துல இடம் கொடுக்கிறதுக்கில்ல. கமிட்டி தீர்மானம், நான் மட்டும் என்ன செய்ய முடியும்?"

தெரியும். போன வருடம் முழுக்கு எடுத்த மெஸ்ஸியாதாஸின் சவப்பெட்டியோடு அவர் வீட்டுக்காரர்கள் கல்லறைக் கேட்டில் மழையில் நின்றார்கள். கேட் திறக்கவில்லை. நானும் கும்பலில் ஒருத்தியாக நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மாவின் கல்லறையை இருவருக்குமாகத்தான் கட்டினோம். சுகிர்தம் ஞானமுத்து என்று அம்மாவின் பெயர், தேதிகள். பக்கத்தில் அப்பாவின் பெயரும் வெட்டியாகிவிட்டது. அப்பா தானே நின்று அளந்து போட்ட இடம். ஞாயிறு தோறும் அதன் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் ஊர்க்கதை பேசிவிட்டு வருவார், நடக்க முடிந்தவரை.

முழுக்கு எடுத்தால் அவர் அங்கே படுக்க முடியாது. இது அவருக்குத் தெரியுமா என்று கேட்கலாம். கேட்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

தொட்டி விஷயமாக விசாரித்தேன். இதில் இவ்வளவு இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாது.

பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஃபைபர் தொட்டி வைக்கலாம். ஆனால் பழையது கதவு வழியாக வெளியே வராது. ஒன்று சுவரை இடிக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டியைச் சம்மட்டியால் உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். அப்பா காதில் விழாதபடி அவரை அனுப்பி வைத்தேன்.

இன்னொன்று லைனர். பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் பழைய தொட்டிக்குள் அதே அளவில் அக்ரிலிக் தொட்டி ஒன்றைச் செருகி ஒட்டுகிறார்கள். அளவெடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினால் செய்து வர ஒன்றரை மாதம். மூன்றாவது, பழைய எனாமலை அமிலம் விட்டுத் தேய்த்து, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, மேலே புதுப் பூச்சு ஸ்ப்ரே செய்வது. காய ஒரு வாரம் வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் சின்னதாக ஒரு டியூப் ஜோடியும் விற்கிறார்கள். இரண்டையும் குழைத்துச் சில்லு பெயர்ந்த இடத்தில் அப்பி, மறுநாள் உப்புக் காகிதத்தால் தேய்த்தால் கீறாது. கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுத்தார். "இது ரொம்ப நாள் நிக்காதுல்ல?" என்று கேட்டேன். "எதுவும் ரொம்ப நாள் நிக்காது டீச்சர்" என்றார். வாங்காமல் வந்துவிட்டேன்.

லைனர்தான் நல்லது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஒன்றரை மாசமா?"

"நல்லதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்ப்பா."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சரி, பூச்சே அடித்துவிடலாம் என்றேன்.

அக்டோபர் 18, சனி

கோயம்புத்தூரிலிருந்து பூபதி என்பவர் வந்து பார்த்தார். வாய் ஓயாத மனிதர். தொட்டியைத் தட்டி, "இரும்பு சிங்கமாட்ட இருக்குதுங்க மேடம். மேல் தோலுதான் போச்சு. நான் அடிச்சுட்டுப் போனன்னா ஷோரூம்ல இருக்கிறது தோத்துருமுங்க" என்றார். எந்தெந்த ஸ்டார் ஓட்டலுக்குச் செய்தார் என்று வரிசையாகச் சொன்னார். ஓட்டல்களின் பெயர் மட்டும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

"தீவாளி வருதுங்களே. அது கழிஞ்சு வந்தாப் பரவால்லீங்களா?"

"தாராளமா வாங்க. அவசரமே இல்லை."

"மத்தவிங்கெல்லாம் நாளைக்கே வேணும்பாங்க. உங்களாட்ட ஆள நான் பாத்ததில்லீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

அப்பாவின் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. பக்கத்து வீட்டு மெஹ்ருன்னிசா தீபாவளி விடுமுறைக்கு வந்த பேரன்களுக்குச் செய்த பால்கோவாவில் கொஞ்சம் கொடுத்தாள். அப்பா நாக்கில் தொட்டு வைத்துவிட்டுப் போதும் என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு. பூபதி மெஷினோடு வந்துவிட்டார்.

தொட்டியிலிருந்த தண்ணீரை எல்லாம் மொண்டு டிரம், குடம், சோற்றுப் பானைவரை நிரப்பினேன். மிச்சத்தை மெஹரு வாங்கிக்கொண்டாள். மருந்து வாடை அப்பாவுக்கு ஆகாது, அதனால் பூச்சு முடியும்வரை அவள் வீட்டில்தான் அவருக்குப் படுக்கை. "எங்க அத்தாவைப் பாத்துக்கிட்ட மாதிரிப் பாத்துக்கறேன், நீ போ" என்றாள். பெத்த அத்தாவை அவள் திட்டாத திட்டில்லை. ஆனாலும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும் முன்னால் அப்பா குளியலறைக்குப் போக வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். காலித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அடியில் கறுத்துப்போன இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. முதுகு வலிக்கும் என்று நான்தான் நிமிர்த்தினேன்.

"இதத் தேச்சு எடுத்துருவாங்களாட்டி?"

"ஆமாப்பா. புதுசு மாதிரி ஆயிடும்."

"சரி" என்றார். மெஹரு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அக்டோபர் 29, புதன்

முடிந்துவிட்டது. தொட்டி பால்போல் இருக்கிறது. எனக்கே ஆசையாக இருந்தது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரு வாரத்துக்குத் தண்ணி படக் கூடாதுங்க மேடம்" என்றார் பூபதி. "பட்டுச்சுன்னா பொசுக்குன்னு தோலாட்ட உரிஞ்சுக்கும். அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது."

ஒரு வாரம்தானா என்று கேட்டேன். பத்து நாள் விட்டால் இன்னும் நல்லது என்றார். யோவேலுக்குப் போன் செய்து எட்டாம் தேதி என்று சொன்னேன். அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. ஜன்னலெல்லாம் திறந்து வைத்தும் வாடை முழுதாகப் போகவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

டாக்டர் வீட்டுக்கே வந்தார். அப்பாவால் படுக்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருக்கிறேன். வாடையால் வந்ததா என்று கேட்டேன். இல்லை, இதயம் தன் வேலையை விட்டுக்கொண்டிருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு அப்பா வரமாட்டேன் என்றார். டாக்டர் வற்புறுத்தவில்லை. எட்டாம் தேதியைப் பற்றிச் சொன்னேன். "அதை நம்பி இருக்காதீங்க டீச்சர்."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்படியானால் அம்மா பக்கத்தில் படுத்துவிடுவார் என்றுதான் மனம் முந்திக்கொண்டது. எழுதும்போதே கை கூசுகிறது.

டாக்டர் போன பிறகு அப்பா கூப்பிட்டார்.

"உனக்குக் கல்லறைதானட்டி கவலை?"

நான் தலையணையைச் சரி செய்தேன்.

"குருபாதம் உங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாலயே எங்கிட்டச் சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமாப்பா?"

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். விட்டுவிட்டுத்தான் சொன்னார், நான் சேர்த்து எழுதுகிறேன்.

"உங்கம்மா இந்தத் தொட்டியிலதான் முழுக்கு எடுத்தா. வியாதி முத்துன வருஷம். நீ பரீட்சைப் பேப்பர் திருத்தக் கோயம்புத்தூர் போயிருந்த. அருவங்காட்டுல இருந்து ஒரு அம்மா வந்து கொடுத்தாங்க. எனக்குக் கோவம். உள்ள வாங்கன்னு கூப்பிட்டா, நான் போகல. கதவுக்கு வெளிய நின்னேன். தண்ணிச் சத்தம் மட்டுந்தான் கேட்டேன். அப்புறம் எங்கையப் புடிச்சுக்கிட்டு, யார்ட்டயும் சொல்லிராதிய, தோட்டத்துல இடம் கொடுக்க மாட்டாங்கன்னு அழுதா. சாகுறவரைக்கும் அந்தப் பயத்தோடயே இருந்தா, ஹெப்சி. யாராவது வந்து கேட்டுருவாங்களோன்னு. நான் அப்படி ஒளிச்சுச் சாக மாட்டேன். எடுத்தா எடுத்தேன்னு சொல்லிட்டுத்தான் போவேன். எங்க வச்சாலும் சரி."

அம்மா அதில் படுத்திருக்கிறாள். அந்தக் கறுத்த அடியில். நான் ஆள் வைத்து அமிலம் விட்டுத் தேய்த்திருக்கிறேன்.

"ஏம்ப்பா முன்னாலயே சொல்லல? தொடவே விட்டிருக்க மாட்டேனே."

"நீ பயந்துக்கிட்டு இருந்த. உன் பயம் தீரட்டும்னு இருந்தேன்."

அவருடைய தோலுக்காக என்று இத்தனை நாள் இதில் எழுதி வந்ததெல்லாம் பாதி பொய். டியூப் வாங்கியிருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்திருக்கும்.

நவம்பர் 1, சனி

விடிந்ததிலிருந்து மழை. யோவேலைக் கூப்பிட்டேன். நேற்று ஒரு அடக்கத்துக்காக மேட்டுப்பாளையம் போனவர் மேலே வர முடியாமல் நிற்கிறார். பர்லியார் பக்கம் மண் சரிந்துவிட்டது, கோத்தகிரி வழியிலும் மரம் விழுந்து கிடக்கிறது.

"அக்கா, நீங்களே கொடுங்க" என்றார்.

"நானா? நான் முழுக்கு எடுக்காதவ. அதுல நம்பிக்கையும் கிடையாது."

"அப்பாகிட்டக் கேளுங்கக்கா. அவருக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

அப்பாவிடம் கேட்டேன். "நீ போதும்" என்றார்.

தண்ணீர் எங்கே? தொட்டியைக் காலி செய்ததிலிருந்து குழாய் திறக்கவே இல்லை. டிரம்மில் அடித் தண்ணீர். மெஹருவிடம் சொன்னேன். என்ன, ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் வீட்டு பிரியாணித் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூரைத் தகரத்திலிருந்து கொட்டுகிற மழைத் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்தோம். அடுப்பில் ஏற்றி, சுட்டதும் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, மறுபடி ஏற்றினோம். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். பாதித் தொட்டி நிறைய மதியமாகிவிட்டது.

பூச்சு ஓரத்தில் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. பார்த்தேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்பாவை வெள்ளை வேட்டியோடு தூக்கினோம். நான் தோளைப் பிடித்தேன், மெஹரு காலைப் பிடித்தாள். எடையே இல்லை. தண்ணீருக்குள் இறக்கி உட்கார வைத்ததும் இந்த ஒரு மாதத்தில் முதல்முறையாக அவர் முகம் தளர்ந்தது. "இதமா இருக்குட்டி" என்றார். நான் தொட்டியின் பக்கத்தில் முட்டிபோட்டு, அவர் முதுகுக்குக் கீழே ஒரு கையும் நெஞ்சின்மேல் ஒரு கையும் வைத்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். எங்கள் கோயிலில் குழந்தைகளுக்குச் சொல்வதுதான். சொன்னேன். மூக்கைப் பொத்தி அவரைச் சாய்த்தேன்.

முகத்துக்கு மேல் தண்ணீர் மூடியபோது கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தார். உடனே தூக்கிவிட்டேன். இருமினார், துப்பினார், பிறகு சிரித்தார். அம்மாவின் பெயரைச் சொன்னார். கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னார்.

முதுகெல்லாம் வெள்ளைப் பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியில் பெரிய துண்டாக உரிந்து, கீழே பழைய கறுப்பு அப்படியே தெரிந்தது. பூபதி அடிவரை தேய்க்கவே இல்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டார். தண்ணீருக்குள் கையை விட்டு அந்த இடத்தில் வைத்துக்கொண்டார். ஆறிவிடப் போகிறது என்று மெஹரு சொல்லும்வரை எடுக்கவில்லை.

துவட்டிப் படுக்க வைத்த பிறகு, பிழிந்த துணியை உதறிக்கொண்டே மெஹரு சொன்னாள்: "இங்க பாரு ஹெப்சி, உங்க கோயில்ல யாராச்சும் என்னையக் கேட்டா, நான் தண்ணி கேட்டு வந்தேன், அவ்வளவுதான். எதையும் பாக்கல."

நவம்பர் 3, திங்கள்

காலையில் கஞ்சி கொண்டு போனேன். அப்பா போய்விட்டிருந்தார். அழுதேன். பிறகு மெஹருவைக் கூப்பிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

குருபாதம் நேற்றுச் சாயங்காலமே வந்தார். கமிட்டியிலிருந்து இன்னும் இருவர். பெட்டிக்கு மாலை போட்டார்கள், ஜெபித்தார்கள். அப்புறம் குருபாதம் என்னைச் சமையலறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"குழி வெட்ட ஆள் சொல்லணும் டீச்சர். அதுக்கு முன்னால கமிட்டிக்காக ஒரு வார்த்தை உங்க வாயால கேட்டுக்கிடணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பாஸ்டர் கீழ மாட்டிக்கிட்டு நின்னது எல்லாருக்கும் தெரியும். எட்டாம் தேதிதான் வச்சிருந்தீங்கன்னும் தெரியும். ஐயா அதுக்குள்ள போயிட்டாரு. எடுக்கலதானே? எடுக்கலன்னு சொல்லுங்க, அது போதும். சுகிர்தம் அம்மா பக்கத்துல வச்சிருவோம்."

நல்ல மனிதர். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்படியில் மெஹரு பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு வார்த்தைதான். சொன்னால் வெட்டி வைத்த பெயருக்குக் கீழே தேதி ஏறிவிடும். ஞாயிறு தோறும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இருவரிடமும் பேசிவிட்டு வரலாம். எனக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்தது. பிறகு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நானும் சாகும்வரை இருக்க வேண்டியதை நினைத்தேன்.

"எடுத்தார்" என்றேன். "சனிக்கிழமை. நான்தான் கொடுத்தேன்."

"டீச்சர்..."

"நான்தான் கொடுத்தேன் குருபாதம். எழுதிக்குங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கூட வந்தவர்களிடம் என்ன சொன்னாரோ, குடைகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அம்மாவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது அம்மா எடுத்த முடிவு, அது அவளோடு இருக்கட்டும்.

இன்று மதியம் நகராட்சி மயானத்தில் வைத்தோம். யோவேல் எப்படியோ சுற்றி வந்து சேர்ந்துவிட்டார், பேன்ட் முழங்கால்வரை சேறு. ஜெபவீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், என் பள்ளிக்கூடத்தில் சிலர், மெஹரு வீட்டு ஆண்கள். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். எங்கள் கோயிலிலிருந்து யாரும் வரவில்லை. குருபாதம் மட்டும் ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

அங்கிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் எங்கள் கல்லறைத் தோட்டம் தெரியும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, ரயில் பாதை. அவர்களைப் பிரித்தது நான்தான். அப்பா கேட்டதைத்தான் செய்தேன். இரண்டும் உண்மை, எனக்கு இரண்டும் வலிக்கிறது.

அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். நாளை மழை விட்டால் போவேன்.